கடைசியாக ஓடி வந்தவன் மெதுவானவனா?

சென்ற மாதம் என் தங்கை மகனின் பள்ளியில் இல்ல விளையாட்டுப் போட்டி. காலை ஏழரைக்கெல்லாம் திடலில் கூடாரங்கள் எழும்பிவிட்டன. மைலோ வண்டிக்கு முன்னால் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு 50 மீட்டர் ஓட்டம். நம்ம பையன் நீல இல்லம், ஆறாவது தடம். விசில் ஊதியதும் 8 பேர் புறப்பட்டார்கள். 7 பேர் கோட்டைத் தாண்டி, திரும்பி நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எட்டாவதாக இவன் வந்தான்.

"விடுங்க மச்சான்," என்றார் அவன் அப்பா சிரித்துக்கொண்டே. "எங்க பரம்பரையிலயே ஓட்டக்காரன் கிடையாது. இதெல்லாம் ரத்தத்துல வரணும்." அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். பையன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போகும் வழியில் காரின் பின்னிருக்கையிலிருந்து ஒரு கேள்வி வந்தது: "மாமா, நான் ஸ்லோவா?"

இல்லையென்று உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் சிலர் வேகமாக ஓடுகிறார்கள், சிலரால் ஏன் முடிவதில்லை என்பது எனக்கே சரியாகத் தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது. கால்களை யார் சீக்கிரம் சீக்கிரமாக வீசுகிறார்களோ அவர்களே வேகமானவர்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நீங்களும் அப்படி நினைத்திருந்தால், நாம் இருவருமே தவறு.

அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் வேயண்டும் அவருடைய குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மெதுவாக ஓடுபவர்கள், வேகமாக ஓடுபவர்கள் என்று பலரையும் ஓட்டப்பொறியில் ஓடவிட்டு, அவரவர் உச்ச வேகத்தில் என்ன நடக்கிறது என்று அளந்தார்கள். தரையைவிட்டு எழும்பிய கால் முன்னே வந்து மறுபடி தரையைத் தொட எடுக்கும் நேரம் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. காற்றில் காலை வீசுவதில் வேகக்காரருக்கும் மெதுவானவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு தரையில் இருந்தது. வேகமானவர்கள், தங்கள் உடல் எடையை வைத்துப் பார்க்கும்போது, தரையைக் கூடுதல் விசையோடு மிதித்தார்கள்.

இதன் பொருள் என்ன? நடக்கும்போது நம் பாதம் தரையில் அரை விநாடிக்கும் மேல் தங்குகிறது. உலகத் தரமான விரைவோட்டக்காரரின் பாதம் ஒவ்வோர் அடியிலும் தரையில் இருப்பது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு, சில வேளைகளில் அதற்கும் குறைவு. அந்தக் கண்ணிமைப்புக்குள் அவர் தம் எடையைப் போலப் பல மடங்கு விசையைத் தரைக்குள் இறக்கியாக வேண்டும். நம் தசைகள் தங்கள் முழுப் பலத்தையும் திரட்ட அதைவிட மூன்று நான்கு மடங்கு நேரம் தேவை. ஆகவே பலசாலியாக இருந்தால் மட்டும் போதாது. மளிகைக்கடையில் 50 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கித் தோளில் போடுபவர் பலசாலிதான். ஆனால் அவர் அந்தப் பலத்தை மெதுவாகத் திரட்டலாம், அவசரமில்லை. ஓட்டக்காரருக்கு அந்த வசதி கிடையாது. இருக்கிற பலத்தை எவ்வளவு சீக்கிரம் எடுத்துக் கொடுக்க முடிகிறது என்பதுதான் கணக்கு.

மாப்பிள்ளை சொன்ன 'ரத்தம்' இங்கேதான் வருகிறது.

கோழி வெட்டிச் சமைத்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கோழியின் நெஞ்சுக்கறி வெள்ளையாக இருக்கும், தொடைக்கறி சற்றே கறுத்திருக்கும். கோழி நாள் முழுக்க நிற்கிறது, நடக்கிறது. அதற்கான தசை களைப்படையாமல் நெடுநேரம் உழைக்க வேண்டும், அதற்கு உயிர்வாயு தொடர்ந்து வேண்டும், அதனால்தான் நிறம் கருமை. நெஞ்சுத் தசையோ, நாய் துரத்தும்போது படபடவென்று சிறகடித்து வேலிமேல் ஏற மட்டும். சில விநாடி வேலை, பிறகு ஓய்வு. நம் உடம்பிலும் இந்த இரண்டு வகை இழைகளும் உண்டு. ஆனால் நமக்குத் தனித்தனித் துண்டாக இல்லாமல் ஒரே தசைக்குள் கலந்து கிடக்கின்றன. சராசரி மனிதரின் தொடைத் தசையில் இரண்டும் ஏறக்குறைய பாதிப் பாதி. சிறந்த விரைவோட்டக்காரர்களுக்கு வேக இழைகள் அதிகம். மாரத்தான் ஓடுபவர்களுக்கு நின்று உழைக்கும் இழைகள் அதிகம்.

இந்தக் கலவையின் பெரும்பகுதி பிறவியிலேயே வருகிறது. பயிற்சியால் வேக இழைகளைத் தடிக்க வைக்கலாம், அவற்றைச் சுறுசுறுப்பாக்கலாம். மெதுவான இழைகளை வேக இழைகளாக மாற்றுவது மட்டும் எளிதில் நடப்பதில்லை. எனவே மாப்பிள்ளை சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ரத்தம் என்றால் மரபணு. அதையும் சோதித்துப் பார்த்துவிடலாமே என்று கிளம்பியவர்கள் உண்டு. ஏ.சி.டி.என்.3 என்று ஒரு மரபணு. வேக இழைகளுக்கு வேண்டிய ஒரு புரதத்தை உருவாக்குவது இதன் வேலை. உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்தப் புரதம் அறவே உருவாவதில்லை. அவர்களுக்கு நோய் ஒன்றும் இல்லை, நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவில் திறன்மிக்க விளையாட்டாளர்களைச் சோதித்தபோது, விரைவோட்டக்காரர்களிடையே இப்படிப்பட்டவர்கள் மிக அரிதாகவே இருந்தார்கள். 2003-இல் இந்த முடிவு வெளியானதும் செய்தித்தாள்கள் அதற்கு 'வேக மரபணு' என்று பெயர் சூட்டிவிட்டன. பிள்ளையின் எச்சிலைக் குப்பியில் போட்டு அனுப்புங்கள், அவன் எந்த விளையாட்டுக்கு ஏற்றவன் என்று சொல்கிறோம் என விளம்பரங்களும் கிளம்பின.

அந்தக் குப்பிக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள். இந்தப் புரதம் கொஞ்சமும் இல்லாத ஒருவர் ஸ்பெயின் நாட்டுக்காக ஒலிம்பிக்கில் நீளந்தாண்டியிருக்கிறார், அதுவும் 8 மீட்டருக்கு மேல் தாண்டக்கூடியவர். மறுபக்கம், அந்த மரபணு சரியாக வாய்த்தவர்கள் உலகில் நூறு கோடிக் கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பேருந்தைப் பிடிக்க ஓடினாலே மூச்சு வாங்குகிறார்கள். ஓட்டத்தின் வேகத்தில் பங்கு கொள்ளும் மரபணுக்கள் பல. ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. விளையாட்டு மரபியல் அறிஞர்கள் 2015-இல் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் விளையாட்டுத் திறனைக் கண்டறிய இத்தகைய சோதனைகளுக்கு எந்த இடமும் இல்லை என்பதே அவர்களின் முடிவு.

உடலமைப்புக்கும் பங்கு உண்டு, ஆனால் நாம் நினைக்கும் விதத்தில் அல்ல. உயரமானவர் என்றால் வேகமானவர் என்று எண்ணுகிறோம். உசைன் போல்ட் 1.95 மீட்டர் உயரம். 2009-இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடிகளில் ஓடி உலகச் சாதனை படைத்தபோது அவர் எடுத்துவைத்தது 41 அடிகள்தாம். மணிக்கு 44 கிலோமீட்டரையும் தாண்டியது அவருடைய உச்ச வேகம். நெட்டைக்காலின் பெருமை என்று முடிவு கட்டிவிடலாம் போலிருக்கும். ஆனால் சீனாவின் சூ பிங்தியான் 1.72 மீட்டர்தான். நம் பக்கத்து வீட்டுக்காரர் உயரம். தோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில், தம் 31-ஆவது வயதில், 9.83 விநாடிகளில் ஓடி ஆசியச் சாதனையை ஏற்படுத்தினார். சில ஆண்டுகளுக்கு முன், தொடக்கக் கட்டையில் எந்தக் காலை முன்னால் வைப்பது என்பதையே மாற்றிக்கொண்டு, புறப்படும் முறையை ஆரம்பத்திலிருந்து மறுபடி கற்றவர் அவர். அந்த நிலைக்கு வந்த ஒருவர் அப்படிச் செய்யத் துணிவது பெரிய விஷயம்.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், விரைவோட்டக்காரர்களின் கால்விரல்கள் மற்றவர்களுடையதைவிட நீளமாக இருப்பது தெரிந்தது. குதிகாலில் தசைநார் இழுக்கும் இடத்துக்கும் கணுக்கால் மூட்டுக்கும் உள்ள தூரமோ குறைவாக இருந்தது. தரையை உந்தித் தள்ளும் அந்தச் சிறு பொழுதைக் கொஞ்சம் நீட்டித்துக்கொள்ள இந்த அமைப்பு உதவுகிறதாம். இதைப் படித்துவிட்டு நான் காலுறையைக் கழற்றி என் விரல்களைப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இத்தனையும் பிறவிக்குச் சாதகமாகத்தானே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஒருவர் எட்டக்கூடிய உச்சத்தைப் பிறவி பெரிதும் வகுத்துவிடுகிறது. எல்லாரும் போல்ட் ஆகலாம் என்று சொல்வது பிள்ளைகளை ஏமாற்றுவது. ஆனால் அந்த உச்சம் எது என்பது 50 மீட்டர் ஓட்டத்தில், 7 வயதில், திடலோரத்தில் நின்று பார்க்கிற நமக்குத் தெரியுமா? இதற்கு நம் வட்டாரத்திலேயே நல்ல சாட்சிகள் இருக்கிறார்கள்.

1966 டிசம்பர். பேங்காக்கில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஆண்களுக்கான 100 மீட்டர் இறுதி ஓட்டம். மலேசியாவின் எம். ஜெகதீசனும் சிங்கப்பூரின் சி. குணாளனும் கிட்டத்தட்ட ஒன்றாகவே கோட்டைத் தொட்டார்கள். யார் முந்தியவர் என்பதைக் கேமராப் படத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருந்தது. தங்கம் ஜெகதீசனுக்கு, வெள்ளி குணாளனுக்கு. சிங்கப்பூர் தனி நாடாகி ஓராண்டுதான் கடந்திருந்தது. ஆசியாவின் மிக வேகமான மனிதர் யார் என்ற கேள்விக்கு அன்று பதிலாக நின்ற இருவரும் நம்மவர்கள். இன்றைய பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்தால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஜெகதீசன் 16 வயதிலேயே ரோம் ஒலிம்பிக்கில் ஓடியவர். சிங்கப்பூரில் மருத்துவம் படித்தபடியே ஓடினார். பேங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், 4 x 100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் என மூன்று தங்கம். 'பறக்கும் மருத்துவர்' என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. குணாளனின் கதை வேறு. அவர் காற்பந்தாட்டக்காரர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோதுதான், 20 வயதைக் கடந்த பிறகு, டான் எங் யூன் என்ற பயிற்றுநரின் கண்ணில் பட்டு ஓட்டத்துக்கு வந்தார். அந்த ஒருவர் அன்று கவனிக்காமல் விட்டிருந்தால், ஆசிய அளவில் வெள்ளி வென்ற கால்கள் காற்பந்துத் திடலிலேயே ஓடி முடிந்திருக்கும். 20 வயதுவரை அந்த வேகம் எங்கேயும் போய்விடவில்லை, அவரிடம்தான் இருந்தது. அளந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1968-இல் மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில், குணாளன் 100 மீட்டரை 10.38 விநாடிகளிலும் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடிகளிலும் ஓடினார்கள். குணாளனின் தேசியச் சாதனையை 2001-இல் யு.கே. ஷியாம் 10.37 விநாடிகளில் முறியடிக்க 33 ஆண்டுகள் ஆயின. ஜெகதீசனின் சாதனையை 2017-இல் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் 20.90 விநாடிகளில் முந்த 49 ஆண்டுகள். இவ்வளவு காலம் அவை நின்றதற்கு ஓடியவர்களின் திறமை முதற்காரணம். இடத்துக்கும் ஒரு பங்கு உண்டு. மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிவு. விரைவோட்டக்காரர் கிழித்துக்கொண்டு போக வேண்டிய காற்று குறைவு என்றால் நூறில் சில பங்கு விநாடி மிச்சம். செயற்கை ஓடுதளம் போடப்பட்ட முதல் ஒலிம்பிக்கும் அதுதான். நெடுந்தூரம் ஓடியவர்கள் அதே மெல்லிய காற்றில் மூச்சுக்குத் தவித்தார்கள். ஒரே மனிதர், ஒரே கால்கள், ஆனால் தரையும் காற்றும் மாறினால் கடிகாரம் வேறு எண்ணைக் காட்டுகிறது.

அப்படியானால் ஈரப் புல்லில், அளவு பெரிதான காலணியோடு ஓடும் பிள்ளையின் 50 மீட்டர் எதைக் காட்டுகிறது?

பெரும்பாலும் வயதைக் காட்டுகிறது. நம் இரு நாடுகளிலும் பள்ளிச் சேர்க்கை பிறந்த ஆண்டைப் பொறுத்தது. என் தங்கை மகன் டிசம்பர் கடைசியில் பிறந்தவன். முதலில் வந்த பையன் ஜனவரிக்காரன் என்பதை அவன் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். 'ஒரே வகுப்பு' என்று நாம் சொல்லும் இந்த இருவருக்கும் இடையே ஏறக்குறைய 11 மாதம். 30 வயதில் 11 மாதம் ஒன்றுமே இல்லை. 7 வயதில் அது இவன் இதுவரை வாழ்ந்த வாழ்க்கையில் எட்டில் ஒரு பங்கு. அந்த அளவுக்கு எலும்பும் தசையும் அவனுக்குக் கூடுதலாக வளர்ந்திருக்கின்றன. கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை 1980-களில் எண்ணிப் பார்த்தபோது ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே மிகுதியாக இருந்தது தெரியவந்தது. அதன்பின் வேறு பல விளையாட்டுகளிலும் இதையே கண்டார்கள். காரணம் மர்மம் ஒன்றும் இல்லை. சற்று மூத்த பிள்ளை வெல்கிறான், அதனால் பள்ளி அணியில் சேர்க்கப்படுகிறான், அதனால் பயிற்சி பெறுகிறான், அதனால் மறுபடியும் வெல்கிறான். இளையவனோ 'எனக்கு ஓட்டம் வராது' என்று 7 வயதில் முடிவு செய்து, 10 வயதில் திடல் பக்கமே வருவதில்லை.

ஒரு சிறு செய்தி. குணாளன் பிறந்தது அக்டோபரில், ஜெகதீசன் நவம்பரில். இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பையனிடம் சொன்னேன்.

உடல் முழுதாக வளர்ந்த பிறகும் வேகத்தின் கதை முடிவதில்லை. சிங்கப்பூரின் சாந்தி பெரேரா 2015 தென்கிழக்காசியப் போட்டியில் 200 மீட்டரை 23.60 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றபோது அவருக்கு 18 வயது. அதற்குப் பின் காயம், தேக்கம், கைவிட்டுப்போன உதவித்தொகை. 2023-இல், 26 வயதில், அதே தூரத்தை 22.57 விநாடிகளில் ஓடினார். ஒரு விநாடிக்கும் மேல் குறைவு. விரைவோட்டத்தில் ஒரு விநாடி என்பது ஏறக்குறைய 9 மீட்டர் தூரம். பழைய சாந்தியைப் புதிய சாந்தி 9 மீட்டர் பின்னால் விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு ஹாங்ஜோ ஆசியப் போட்டியில் 200 மீட்டர் தங்கம். திடல்தடத்தில் சிங்கப்பூருக்கு 49 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த ஆசியத் தங்கம் அது. 18 வயதில் அவருடைய உச்சம் 23.60 என்று யாராவது எழுதி வைத்திருந்தால் அது எவ்வளவு பெரிய தவறாகியிருக்கும்!

ஜமைக்காவைப் பற்றிப் பேசாமல் ஓட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. 3 மில்லியனுக்கும் குறைந்த மக்கள்தொகை, ஆனால் ஒலிம்பிக் மேடையில் அவர்கள் கொடி ஓய்வதில்லை. எல்லாரும் அவர்கள் ரத்தத்தில் மருந்து தேடுகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது 1910-இல் தொடங்கிய அவர்களின் பள்ளி விளையாட்டு விழாவை. பள்ளிப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்க அரங்கமே நிரம்பி வழிகிறது. வேகமான பிள்ளை ஒருவன் எந்தக் கிராமத்துப் பள்ளியில் இருந்தாலும் யார் கண்ணிலாவது பட்டுவிடுகிறான்.

சரி, வீட்டில் என்ன செய்வது? மாப்பிள்ளை போட்டி முடிந்த மறுநாளே ஒரு திட்டம் போட்டார்: தினமும் திடலை மூன்று சுற்று. நம் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. மூன்று சுற்று ஓடினால் மூன்று சுற்று ஓடும் தெம்பு வரும், நல்லதுதான். வேகம் வராது. மெதுவாக ஓடிப் பழகும் உடல் மெதுவாக ஓடத்தான் கற்றுக்கொள்கிறது. முழு வேகத்துக்கான எரிபொருள் தசையில் சில விநாடிகளுக்கு மட்டுமே இருக்கிறது, அது மறுபடி நிரம்ப நிமிடக் கணக்கில் ஓய்வு வேண்டும். அதனால் 20, 30 மீட்டர் முழு மூச்சில் ஓடி, இரண்டு மூன்று நிமிடம் சும்மா நடந்துவிட்டு, மறுபடி ஓட வேண்டும். நான்கைந்து முறை போதும். அதோடு கயிறு தாண்டுவது, நொண்டி அடிப்பது, ஓடிப்பிடித்து விளையாடுவது. தரையைச் சட்டென்று உதைத்து எழும்பப் பாதத்துக்குக் கற்றுக்கொடுக்கும் பாடங்கள் இவை. நம் பாட்டிமார்கள் காலத்துப் பிள்ளைகள் காசு கொடுக்காமல் தோட்டத்து லயன் வாசலில் படித்த பாடம்தான்.

இப்போது மாலையில் வீட்டுக்குப் பின்னால் உள்ள திடலுக்குப் போகிறோம். 30 மீட்டர் அளந்து இரண்டு சப்பாத்துகளைக் கோடாக வைத்திருக்கிறோம். முதல் நாள் பையனின் நேரம் 7.3 விநாடி. போன வெள்ளிக்கிழமை 6.9. என் கைப்பேசியில் அழுத்தும் விரலின் தாமதத்தையும் கணக்கில் சேர்த்தால் இதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் அவன் இப்போது அந்த எண்ணோடுதான் பந்தயம் வைக்கிறான், ஜனவரிக்காரனோடு அல்ல.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் வந்தார். சும்மா பார்க்கத்தான் வந்தார். மகன் கூப்பிட்டதும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினார். இருபதாவது மீட்டரில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பையன் அவர் பக்கத்தில் போய் நின்று, என் கைப்பேசியைப் பார்த்து எண்ணத் தொடங்கினான். "அப்பா, மூணு நிமிஷம் ரெஸ்ட். அப்புறம் மறுபடியும் ஓடணும்."